சரோஜா அக்காவின் தொண்டைக்காகக் கண்டிக்கு

இந்த வருடம், 1986 மார்ச்சில், டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு இரண்டு முறை போய் வந்தோம். என் அக்கா சரோஜா கொழுந்து பறிப்பவள். மூன்று மாதமாகக் குரல் கம்மி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கும் மாரியாயிதான் பதில் சொல்வாள். "என்னா, ரெண்டு ஆளுக்கு ஒரு வாயா?" என்பார் கணக்குப்பிள்ளை. வெற்றிலையால் வந்த புற்று என்று லயத்து வீடுகளில் முடிவே கட்டிவிட்டார்கள்.

எனக்கு வேறொரு பயம். உடலுறவில் தொற்றும் மருக்கிருமிக்கும் தொண்டைப் புற்றுக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஆராய்கிறார்களாம், பத்திரிகையில் படித்திருந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

காலை ஆறு மணி பஸ்ஸில் தலவாக்கலைக்கு இரண்டு மணி நேரம். பிறகு பேராதனை வரை ரயில், ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து கண்டி பக்கம்தான். சன்னலோரம் கிடைத்தும் அருவி எந்தப் பக்கம் வந்ததென்று நினைவில்லை. கண்டியில் அறை நாற்பது ரூபாய்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்து, மரு மாதிரி இருக்கிறது, எடுத்துச் சோதிக்கலாம் என்றார். எடுத்தார்கள்.

முடிவு கேட்க இரண்டாம் முறை போனோம். புற்று இல்லை! கிருமியால் வந்த மரு. கணவன் மனைவிக்குள்ளும் தொற்றக்கூடியது என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அப்ப எங்க வீட்டுக்காரருகிட்ட இருந்தா வந்துச்சு? கேளு" என்றாள் அக்கா, புண் ஆறாத காற்றுக்குரலில்.

கேட்டேன். யாரிடமிருந்து என்று சொல்லவே முடியாதாம். பிறக்கும்போது தாயிடமிருந்தும் வருமாம். புற்றோடு சேர்த்துச் சந்தேகப்படுவது இதே கிருமிக் குடும்பத்தில் வேறு வகையையாம். அதுவும் இன்னும் உறுதியில்லை. மரு மறுபடி வளரலாம், குரல் கம்மினால் உடனே வரவேண்டும் என்றார். வெற்றிலையையும் விடச் சொன்னார்.

"அம்மாவும் போயிருச்சு, யார போயி கேக்கிறது?" என்றாள் அக்கா. வாசலுக்கு வந்ததும், "அவரு தப்பிச்சாரு" என்று சிரித்தாள்.

போகிறவர்களுக்கு: குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால் காத்திருக்காதீர்கள். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முதல் நாளே கண்டிக்குப் போய்விடுங்கள். சிங்களம் தெரிந்த, கூச்சத்தில் எதையும் விழுங்கிவிடாத ஒருவரைக் கூட்டிப் போங்கள். நான் பாதி விழுங்கப் பார்த்தேன்; அக்கா விடவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய காலையில் நானும் பெரட்டுக்களம் வரை போனேன். கணக்குப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்றாள் அக்கா. கரகரப்புதான், ஆனால் குரல். பழக்கத்தில் மாரியாயியும் கூடவே கத்திவிட்டாள்.

கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா, இப்ப ஒரு ஆளுக்கு ரெண்டு வாயா?"