கொடிக்கு அந்தப் பக்கம் மாசி

போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் கீழ் வரிசை. மேல் வரிசையில் ஒரு பெங்காலி மாசி, அதாவது சித்தி. அவர்கள் ஒரு செம்பு தண்ணீர் கொட்டினால் அது எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். மேட்டு வாழ்க்கை அப்படி.

கப்பலில் வந்து இறங்கிய புதிதில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். சொந்தபந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். மாசிதான் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப் போய், இரண்டு வரிசைக்கும் நடுவில் துணி காயப்போடும் கொடிக்கு ஒரு பக்கம் நிறுத்தி, ஒரு ரப்பர் வளையத்தை வீசினாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலரைக்கு ஆட்டம். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். என்னைத் திட்டவும் ஆரம்பித்தாள். ஆனால் மாசியை ஒருநாள்கூட ஜெயித்ததில்லை.

அப்புறம்தான் அந்தச் சண்டை. மாசி மீன் கழுவிய தண்ணீர் நேரே எங்கள் கோலத்தில் வந்து இறங்கிவிட்டது. அம்மா தெரிந்த இந்தியையெல்லாம் கொட்டித் தீர்த்து, மிச்சத்தைத் தமிழில் முடித்தாள். மாசி பெங்காலியில் திருப்பிக் கொடுத்தாள். பேச்சுவார்த்தை பந்த்.

சாயங்காலம் நான் அம்மாவையே சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மா மறுபடி படுத்துவிடுவாளோ? நாலரைக்கு வளையம் மேலிருந்து பறந்து வந்து வாசலில் தொப்பென்று விழுந்தது. அம்மா அதைக் குனிந்து எடுத்தாள். பிறகு கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடேறினாள்.

பேச்சுக்கு நான்தான் தூது.

"கோட்டைத் தாண்டி நிக்கிறாங்கன்னு சொல்லுடி."

சொன்னேன். "உன் அம்மாவைக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்" என்றாள் மாசி இந்தியில்.

மழை பிடித்துக்கொண்டது. கணுக்கால் வரை சேறு. குடையோடு வந்த அப்பா, "சண்டைன்னா வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதா?" என்றார்.

"சண்டை வேற, ஆட்டம் வேற. நீங்க காபியைச் சுட வச்சுக் குடிங்க" என்றாள் அம்மா, வளையத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நனைந்த புடவையோடு இரண்டு பெண்கள். நடுவில் ஒரு சொல் கிடையாது. வளையம் மட்டும் மழையைக் கிழித்துக்கொண்டு போய்ப் போய் வரும். வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். இப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்த நாலரை மணி ஆட்டம் அப்புறம் இருபது வருஷம் அம்மாவை விடவில்லை.

பேசாமலிருந்த மூன்று வாரமும் எல்லா ஆட்டத்திலும் அம்மாதான் ஜெயித்தாள். பள்ளிக்கூடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். தோற்பதற்கு ஒருத்தி தினமும் நேரம் தவறாமல் மழையில் எதற்கு இறங்கி வருகிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.