முப்பத்தோராயிரத்தில் ஒன்று

சாலோ ஊரின் கைபேசி ஆலையில் பத்தொன்பது வருடமாக விற்பனை எண்களை அடுக்கிக்கொண்டிருந்த வெய்யோவுக்கு, தார்மோவைக் கண்டாலே வயிறு எரியும். எரியாதா பின்னே? பக்கத்து மேஜையில் இவனைக் கேட்டுக் கேட்டுப் பட்டியல் போட்ட ஆள், போட்டிக் கம்பெனிக்குத் தாவி, விரலால் தேய்க்கும் போனை விற்கப் போய்விட்டான். இப்போது புதுப் படகு வேறு! இருவரும் ஒரே குடியிருப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து மணிக்குக் குடியிருப்பின் பொது சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், இருவருக்கும் சேர்ந்தே முறை வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யார் போன் அதிகம் விற்றது என்பதை அங்கேதான் மோதிப் பார்ப்பார்கள். ஐந்து தடவையும் வெய்யோதான் தோற்றான். ஒரே ஒரு தடவை ஜெயித்து, தார்மோவின் முகம் தொங்குவதைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசையே அவனுக்கு இல்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் போனில், குறை கண்டுபிடிப்போம் என்று, துர்க்கு நகரம் வரை போய் யாருக்கும் தெரியாமல் ஒன்று வாங்கினான். மூன்று வாரமாகியும் குறை அகப்படவில்லை. பாழாய்ப்போன விரல்தான் அதை விட்டு நகர மறுத்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை தன் சிம்மையே அதில் போட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் சவுனாவின் மேல்படியில் ஏறி உட்கார்ந்ததும் வெய்யோவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க பட்டன் போன் நாப்பதாயிரம்! உங்களுது முப்பத்தோராயிரம். எங்கய்யா போச்சு உன் சவடால்?"

தார்மோ சுடுகல் மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினான். "பரவாயில்லையே. கடைக்கு அனுப்பினதா, ஜனம் வாங்கினதா?"

வெய்யோ சொன்ன நாற்பதாயிரம் கடைக்கு அனுப்பியதுதான். ஆலைக்காரர்களுக்கு லாரியில் ஏறினாலே விற்றது மாதிரி. அவசரத்தில் அதைப் போய்க் கடையில் ரசீது போட்டு விற்ற எண்ணிக்கையோடு ஒப்பிட்டிருக்கிறான், பத்தொன்பது வருட அனுபவசாலி!

"அனுப்பினா வித்துரும்ல!"

"எங்க வித்துச்சு? மார்க்கெட் கடையில உங்க பெட்டிய அடுக்கி, அது மேல வெச்சுக் காபி குடிக்கிறாருப்பா கடைக்காரரு. எங்களுது முப்பத்தோராயிரமும் ரசீது போட்டது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் இருக்கான்."

அப்போது பார்த்து உடை மாற்றும் அறையில் ஒரு போன் அடித்தது. தார்மோ கம்பெனிப் போனின் மணி. ஊரில் குழந்தைக்கும் தெரியும் அது.

"உன் போன்தான், போய் எடு," என்றான் வெய்யோ அவசரமாக.

"என்னுது வீட்ல சார்ஜ்ல கிடக்கு."

மணி நிற்கவில்லை. தொத்திறைச்சியைச் சுடட்டுமா என்று கேட்க வெய்யோவின் மனைவி இர்மேலிதான் கூப்பிடுகிறாள். நிறுத்தித் தொலையேன், இர்மேலி!

தார்மோ இன்னோர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினான்.

"சிரிச்சுத் தொலையேன்டா!" என்று கத்தினான் வெய்யோ.

"எதுக்கு? எங்க போனை வாங்கினவங்களைப் பாத்து நாங்க சிரிக்கிறதில்ல."

இப்படி ஒரு பதில் தனக்கு ஒரு நாளும் வாயில் வந்ததில்லையே என்று, அதற்கும் சேர்த்து எரிந்தது வெய்யோவுக்கு.