பிலோவின் காலுக்கு அடியில் கேட்ட சத்தம்

சனிக்கிழமை என் நண்பன் செந்திலின் ஒர்க்ஷாப்பில் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

எங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. பெரியப்பா ஓட்டி, அவர் மகன் ஓட்டி, பிறகு எனக்கு வந்தது. (ஏசி போட்டால் வண்டி கொஞ்ச நேரம் யோசிக்கும்.)

என் மனைவி பிலோமினாவுக்கு இது எட்டாவது மாதம். வெகுகாலம் காத்திருந்து வரப்போகும் பிள்ளை.

பிரசவத்துக்கு முன்னால் ஒருமுறை வேளாங்கண்ணி போய் மாதாவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவதாகத் திட்டம்.

ஆனால் சில வாரங்களாகவே அவள் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது, தன் காலுக்கு அடியில் 'டொக்' என்று ஏதோ தட்டுகிறதாம்.

நான் தனியாக ஆபீஸ் போய் வரும்போது அந்தச் சத்தம் வந்ததே இல்லை. அவளோடு போகும்போது லேசாகக் கேட்டாலும், கதவு ஆடுகிறது என்று விட்டுவிட்டேன்.

அவள் திருப்திக்காக டவுனில் ஒரு கடையில் காட்டினேன். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்திருந்தது. மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி மெத்தை மாதிரி ஆகிவிட்டது.

அன்று தருமபுரத்தில் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது பிலோ என் பக்கம் பார்த்தாள்.

"இருக்குங்க. போகல."

வேளாங்கண்ணி போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நாகூர், நாகப்பட்டினம் தாண்டினால் வந்துவிடும், எவ்வளவு தூரம்தான்?

"இந்த வண்டியில நான் ஏறலங்க. பஸ்ஸுல வேணா போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெகு அமைதியாகச் சொன்னாள். அந்த அமைதிதான் என்னை என்னவோ செய்தது.

சனிக்கிழமை காலை வண்டியை நெடுங்காடு ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். செந்திலின் ஒர்க்ஷாப் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். பிலோவும் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டாள்.

செந்தில் பானெட்டை அமுக்கிவிட்டுப் பார்த்தான். ஷாக் நன்றாக வேலை செய்தது. தனியாக ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தான். ஒன்றுமே இல்லை, இந்த நேரத்தில் சின்ன அதிர்வுகூடப் பெரிதாகத்தான் தெரியும் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னான்.

பிலோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அண்ணே, நீங்க ஓட்டுறப்ப என் சீட்டுல யாரு இருந்தா?"

செந்தில் அந்த சீட்டைத் திரும்பிப் பார்த்தான். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, முன்பக்க இடது கதவைத் திறந்து அவனே ஏறிக்கொண்டான். (அவன் ஏறியதும் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தது. இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளாதே நண்பா.)

வாய்க்கால் ஓரப் பள்ளத்தில், ஸ்டியரிங்கை வளைத்தபடி மெதுவாக இறக்கினேன்.

டொக்.

தனியாக ஓட்டியபோது எங்கள் இரண்டு பேருக்குமே வராத சத்தம், அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்ததும் வந்துவிட்டது.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி, வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினான். இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். லேசாக ஆடியது. என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினான். அப்போதும் ஆடியது. பேரிங் போயிருந்தால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் அடங்கியிருக்கும், இது வேறு என்றான். பிறகு கீழே படுத்து, கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பினான்.

"டேய், இங்க வந்து பாரு."

சக்கரத்தை அதன் கீழே இருக்கும் இரும்புக் கையோடு பிணைத்து வைப்பது ஒரு பால் ஜாயிண்ட். கிண்ணத்துக்குள் ஒரு குண்டு, அதன் மேல் கிரீஸ், வெளியே ஒரு ரப்பர் உறை. அவ்வளவுதான். எங்கள் வண்டியில் அந்த உறை கிழிந்துபோயிருந்தது. மீன் வாங்கக் கடற்கரையில் இருக்கும் காரைக்கால்மேட்டுக்கு வாராவாரம் போவோம். அந்த மணலும் உப்புத் தண்ணியும் உள்ளே போய் கிரீஸைத் தின்றுவிட்டன.

நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் தட்டினான். முழு ஜாயிண்ட்டும் சேர்ந்துதான் வர வேண்டும். ஆனால் குண்டு மட்டும் கிண்ணத்தை விட்டுத் தனியாக அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அதை வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினான்.

எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது. ஒரு பக்கம் தேய்ந்து, துருப்பிடித்து, உருண்டை என்றே சொல்ல முடியாது. இதை நம்பித்தான் அவளை செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். துறைமுக லாரிகளுக்குப் பக்கத்தில், பாலத்தின் மேல், சிரித்துப் பேசிக்கொண்டு போனோம்.

ஓடும்போது கழன்றிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"சக்கரம் மடங்கிக்கும். அப்புறம் ஸ்டியரிங் உன் பேச்சக் கேக்காதுடா."

பிலோ அந்தக் குண்டைக் கேட்டு வாங்கினாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. மறு கையில் கிரீஸும் துருவும். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இதுவாங்க இத்தன நாளும் எங்கள விடாம புடிச்சிக்கிட்டு இருந்துச்சு?"

எனக்கு அந்த இரும்பைப் பார்ப்பதா, அவளைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. ஒரு கடையும், ஒரு மெக்கானிக்கும், தினமும் ஓட்டுகிற நானும் கண்டுபிடிக்காததை அவள் செருப்புக்கு அடியில் கண்டுபிடித்திருந்தாள்.

வலது பக்க ஜாயிண்ட்டிலும் ரப்பர் வெடிக்க ஆரம்பித்திருந்தது. இரண்டையும் மாற்றினோம், இரும்புக் கைகளின் ரப்பர் புஷ்களையும் சேர்த்து. டவுனில் வீல் அலைன்மெண்ட் பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. செந்தில் மறுபடி அதே சீட்டில் உட்கார்ந்து, அதே பள்ளத்தில் இறங்கச் சொன்னான். டயருக்கு அடியில் ஜல்லி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் பிலோவை ஏறவிட்டான்.

ஞாயிறு காலை கிளம்பினோம். நாகூர் தாண்டியதும் ஏன் பேச்சே இல்லை என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள். அந்த வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

மாதா முன்னால் நின்றபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. பெரிதாக எதையோ ஏற்கெனவே வாங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி சும்மா நின்றேன்.

நண்பர்களே, உங்கள் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார்?