அப்பிள் மரத்துக்குக் கட்டிய அட்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். லண்டன் மனோர் பார்க்கில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு அப்பிள் மரம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. அந்த வீட்டுக்காரரும் யாழ்ப்பாணத்தவர்தான். நாற்பது தாண்டியவர், சுவிஸில் அப்பிள் தோட்டங்களில் பல வருஷம் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டுகிறார். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். மரம் பார்ப்பதில் அவருக்கு நிகரான ஆளை நான் இன்றுவரை கண்டதில்லை.

முதல் கோடையில் என் அப்பிள்களில் புழு. ஒன்றைப் பறித்து வேலிக்கு மேலால் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனாக்கத்தியால் பழத்தை இரண்டாகப் பிளந்தார். விதையெல்லாம் தின்னப்பட்டு, நடுவில் மரத்தூள் மாதிரிப் பழுப்பு எச்சம். அதற்குள் பழுப்புத் தலையோடு ஓர் இளஞ்சிவப்புப் புழு.

“தோலில தழும்பு போடுற பூச்சி வேற அக்கா. இது நேர விதைக்குப் போற ஆள். கொட்லிங் மொத் எண்டு சொல்லுறது,” என்றார்.

தன் மரத்தில் தொங்கவிட்டிருந்த பொறியையும் திறந்து காட்டினார். பிசினில் ஒட்டிக்கிடந்த சின்னப் பூச்சியின் சாம்பல் சிறகு நுனியில் ஒரு செப்புப் பொட்டு. அதைக் காட்டும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை, வடிவைப் பார்க்கிற சந்தோஷம்தான். விழுகிற பழத்தை அன்றன்றே பொறுக்கவேண்டும் என்றார். ஆடியில் தண்டைச் சுற்றி, பெட்டி செய்கிற நெளிவு அட்டையைக் கட்டினால், பழத்தை விட்டு இறங்கும் புழு ஒதுங்க இடம் தேடி அதற்குள் போய்க் கூடு கட்டும் என்றார். மிச்சத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்து, முழுகிவிட்டு, மாம்பழப் பெட்டியைக் கிழித்து, நெளிவு உள்ளே இருக்கும்படி தண்டைச் சுற்றி நூலால் கட்டினேன். கட்டியதோடு விடாமல் திருநீறும் பூசினேன்.

கார்த்திகையில் அவர் தன் மரத்து அட்டையைக் கழற்றி எரித்துவிட்டு வேலியடிக்கு வந்தார். “அக்கா, உங்கடையையும் இனிக் கழட்டவேணும்.”

“கட்டின நூலை ஆரும் கையால அறுப்பினமோ தம்பி? அது தானா விழவேணும்.”

கோயிலில் ஐயர் கையில் கட்டிவிடும் நூலுக்குள்ள சட்டம்தான் இதற்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். அவர் இன்னொரு தரம் பணிவாகச் சொன்னார். “என்ரை மரத்தை நான் பாக்கிறன்,” என்று கதவைச் சாத்தினேன்.

அடுத்த கோடையில் எனக்கு ஒரு நல்ல பழம்கூடக் கிடைக்கவில்லை. அவருடைய மரத்திலும் என்றுமில்லாத புழு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். “எல்லாம் உங்கடை மரத்தால வாறது. அதை வெட்டினால்தான் எனக்கு விடிவு!” என்று வேலியில் நின்று கத்தினேன். அயலட்டைக்கெல்லாம் கேட்டிருக்கும். அவர் தன் மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

“சரி அக்கா. இலை கொட்டினாப் பிறகு வெட்டுறன்.”

அதோடு கதை பேச்சு நின்றுபோனது. தை மாதத்தில் போனில் ஒரு செய்தி அனுப்பினார்: சனிக்கிழமை பத்து மணிக்கு மரம் வெட்ட ஆள் வருகிறது, சத்தமாக இருக்கும், குறை நினைக்கவேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை காலை என் அட்டை மழையில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்த்திக் கட்டப் போனேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே நெளிவுக்கு நெளிவு வெள்ளைக் கூடுகள். ஒன்றைக் கீறினேன். அதே இளஞ்சிவப்புப் புழு, சுகமாக நித்திரை. பக்கத்தில் போன வருஷத்துப் பூச்சிகள் பறந்துபோன வெறுங்கூடுகள். வேலிக்கு அப்பால் அவர் மரத்தின் வெறுந்தண்டில் சிட்டுகள் பட்டையிடுக்கைக் கொத்திப் புழு தேடிக்கொண்டிருந்தன. என் மரத்துப் புழுக்களுக்கோ, குருவிக்கும் எட்டாதபடி நான் திருநீறு பூசிக் காவல் போட்டிருக்கிறேன். இரண்டு வளவுக்கும் பூச்சி வளர்த்தவள் நான்தான். வெட்கத்தில் காது சுட்டது.

அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் வீட்டு மணியை அடித்தேன்.

“தம்பி, வெட்டவேண்டாம். பூச்சி என்ரை மரத்திலதான் இருந்தது.”

அவர் அட்டையை வாங்கி ஒவ்வொரு நெளிவாகப் பார்த்தார். “ஓம் அக்கா, தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ வெட்ட ஓமெண்டனீங்கள்?”

“மரம் இன்னொண்டு வைக்கலாம் அக்கா. பக்கத்து வீட்டோட கதைக்காமல் எத்தினை வருஷம் இருக்க ஏலும்?”

எனக்கு அழுகை வந்தது. தெருவில் மரம் வெட்டுபவரின் வான் வந்து நின்றது. தம்பி செருப்பைப் போடுமுன் நான் ஓடிப்போய் வாசல் கேற்றை மறித்துக்கொண்டு நின்றேன்.