பயூமி போட்ட நீலம்

சலவைக்கடை பயூமிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு துணியைக்கூடக் கருக்கியதில்லை என்பது ஒன்று. யார் பேச்சையும் கேட்டதில்லை என்பது இன்னொன்று. முதலாவதை எகிப்தில் எங்கள் தன்தா ஊரே ஒப்புக்கொள்ளும். இரண்டாவதற்கு அவர் மனைவி நபவியாவும், எதிர்க்கடையில் பொத்தானும் நூலும் விற்கிறவளான நானும் சாட்சி.

ஆள் ஒல்லி, மீசை மட்டும் தடிமன். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு துணிமேல் புஸ்ஸென்று ஊதுவார், அந்த ஈரம் காய்வதற்குள் இஸ்திரிப் பெட்டி ஓடி முடித்துவிடும். நோன்பு மாதத்திலும் இதே கதைதான்.

"ஏன் அண்ணே, நோன்பு வெச்சுக்கிட்டு வாயில தண்ணியா? ஒரு சொட்டு உள்ளே போகாதுன்னு என்ன நிச்சயம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"என் தொண்டைக்குப் பூட்டு இருக்கு சுஹைர். உன் வாய்க்குத்தான் இல்ல" என்றார். அப்படிப்பட்ட மனுஷன்.

ஒரு குளிர்காலத்தில் அவருடைய இதயம் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. கால் வீங்கியது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெரிய டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்று, உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற. இன்னொன்று டிஜாக்சின், இதயத்தை நிதானப்படுத்த. அது ஏதோ ஒரு பூச்செடியின் இலையிலிருந்து எடுப்பது என்று தெரிந்ததும் பயூமிக்கு அதன்மேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

"இலையா? அட, நம்ம முலூக்கியாக் கீரை மாதிரியா?" என்று மருந்துக்கடை வஹ்பாவிடம் கேட்டார்.

மருந்துக்கடைக்காரரையும் நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர் வஹ்பா சாதுவான மனுஷர், அவருக்கே கோபம் வந்துவிட்டது. "முலூக்கியாவை ஒரு சட்டி நிறையத் தின்னலாம் அண்ணே. இது கொஞ்சம் கூடினாலும் ஆளைச் சாய்ச்சிடும். ஒருநாள் மறந்துட்டா மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. காலையில நாடியைப் பிடிச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். அறுபதுக்குக் கீழே போச்சுன்னா மாத்திரையைத் தொடாம நேரா என்கிட்ட வரணும். புரியுதா?"

மாத்திரை விஷயத்தில் பயூமி சுத்தம். விட்டதும் இல்லை, கூட்டியதும் இல்லை. நாடி எண்ணுவதைத்தான் நிறுத்திவிட்டார். "முன்னே குதிரை மாதிரி ஓடிச்சு, எண்ணினேன். இப்ப பென்ஷன் வாங்கின குமாஸ்தா மாதிரி நடக்குது. இதை என்னத்துக்கு எண்ணறது?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வருஷம் நோன்பு நல்ல கோடையில் வந்தது. நோன்பு வேண்டாம் என்று பெரிய டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். பயூமி கேட்பாரா? பகல் முழுக்கக் கொதிக்கிற பெட்டியோடு நிற்பார். மாலை பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், டிஜாக்சின் அரை மாத்திரை, பிறகு எர்க் சூஸ். அதுதான் அதிமதுர வேரை ஊறவைத்து எடுக்கிற கறுப்புச் சாறு. பித்தளைத் தாளத்தைத் தட்டிக்கொண்டு விற்பவன் தெருவில் வருவான். நாங்களெல்லாம் ஆளுக்கு ஒரு குவளை வாங்குவோம். நபவியா பெரிய கூஜாவையே நீட்டுவாள், அது முழுவதும் பயூமிக்கு.

மாதம் பாதி தாண்டியதும் அவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. வாத்துக்கறி வைத்தும் தொடவில்லை என்று நபவியா புலம்பினாள். நோன்புக் களைப்பு என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஒருநாள் என் கடைக்கு வந்தார்.

"வெள்ளை நூல் கேட்டா மஞ்சளைக் குடுக்கிறியே, இது என்ன வியாபாரம்?"

எனக்கு எப்படி இருக்கும்? "போய்க் கண்ணைக் கழுவிட்டு வாங்க!" என்று நூற்கண்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

பெருநாள் நெருங்கியதும் தெருவின் வெள்ளைத் துணி மொத்தமும் அவர் கடையில் குவிந்தது. துவைப்பது நபவியா. கடைசி அலசலில் நீலம் போடுவது பயூமியின் கை, அதை யாருக்கும் விடமாட்டார். அவர்கள் சண்டை என் கடைவரை கேட்டது.

"போதும்யா! தொட்டியைப் பார்த்தா கடல் மாதிரி இருக்கு!"

"உனக்கு என்னடி தெரியும்? பழுப்பு இன்னும் போகல பாரு. கருகின நிறம்டி இது! பயூமி துணியைக் கருக்கிட்டான்னு ஊர் பேசணுமா?"

"பழுப்பாவது மண்ணாங்கட்டியாவது!"

இன்னொரு பொட்டலம் நீலம் தொட்டியில் விழுந்தது. பாவம், மனுஷன் தொட்டிமேல் குனிந்து குனிந்து பார்த்துப் போட்டதாக நபவியா பிறகு சொன்னாள். கருகல் என்றால் அவருக்கு உயிர் போகிற பயம்.

நபவியா தடுத்தும் கேட்காமல் அவர் துணிகளை வீடு வீடாகக் கொடுத்த அன்று மாலையே தெரு திரண்டு வந்தது. முன்னால் பள்ளிவாசல் ஷேக் மபுரூக், கையில் அவருடைய பெருநாள் அங்கி. பின்னால் என் புருஷனின் இரண்டு சட்டைகளோடு நான். டாக்டர் வஹ்பா கையில் அவருடைய மருந்துக்கடைக் கோட்டு. எல்லாம் நீலம். சும்மா நீலமா? பேனா மையில் முக்கி எடுத்த நீலம்!

"ஏம்ப்பா பயூமி, தொழுகைக்கு இதைப் போட்டுக்கிட்டு நான் முன்னால நின்னா, பின்னால இருக்கிறவங்க தொழுவாங்களா, சிரிப்பாங்களா?" என்றார் ஷேக்.

பயூமி அங்கியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "மல்லிகைப்பூ மாதிரி இருக்கு ஷேக். இதைவிட வெள்ளை வேணும்னா சொர்க்கத்துலதான் கிடைக்கும்."

தெரு கொல்லென்று சிரித்தது. நூல் கோபம் ஆறாத நானும் விடவில்லை. "அன்னிக்கே சொன்னேன், இவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு!"

வஹ்பா மட்டும் சிரிக்கவில்லை. சண்டைக்கு வந்தவர் கோட்டைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே போனார்.

"அண்ணே, என் முகம் எப்படித் தெரியுது?"

"எலுமிச்சம்பழம் மாதிரி. உங்களுக்கு மஞ்சக்காமாலை போலிருக்கு, நல்ல டாக்டரா பாருங்க."

"அந்த விளக்கு?"

"சுத்தி மஞ்சள் வளையம். எல்லா விளக்குமே இப்ப அப்படித்தானே விக்கிறான்?"

வஹ்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். "நாற்பதுகூட இல்லையே! நபவியாக்கா, எத்தனை மாத்திரை போடறார்?"

"அரைதான், சத்தியமா."

"வேற ஏதாவது? நாட்டு மருந்து, கஷாயம்?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர்."

அப்போது தெருமுனையில் பித்தளைத் தாளம் கேட்டது. நபவியா பழக்கத்தில் பெரிய கூஜாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அது யாருக்கு?" என்றார் வஹ்பா.

"இவருக்குத்தான்."

"முழுசுமா? தினமுமா? வேற ஏதாவது உண்டான்னு இப்பதானே கேட்டேன்!"

"நீங்க மருந்தைத்தானே கேட்டீங்க? இது எர்க் சூஸ்!"

வஹ்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, இந்த மாத்திரை இதயத்தை மெதுவா, ஆனா அழுத்தி அடிக்க வைக்கும். ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு சரியா இருந்தாத்தான் மருந்து அளவோட நிக்கும். அதிமதுரம் அந்த உப்பைச் சிறுநீர்ல வெளியே தள்ளிடும். நீர் போற மாத்திரையும் தள்ளும். உப்பு குறைஞ்சிட்டா அதே அரை மாத்திரையே விஷமாப் பிடிச்சுக்கும். பசி போகும், பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியும், நீலம்கூட வெள்ளையாத் தெரியும், கடைசியில இதயமே நின்னு போயிடும்!"

"ரெண்டும் செடிதானே டாக்டர்? செடி என்ன பண்ணும்?" என்றார் ஷேக்.

"செடி மாத்திரையா உள்ளே போனாலும் சாறா போனாலும் உடம்பு சும்மா இருக்காது ஷேக். வண்டியைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

நபவியா கூஜாவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே ஊத்திக் குடுத்தேனே" என்று அழுதாள். சற்றுமுன் நான் சொன்னது என்னையே அறுத்தது, அவளைக் கட்டிக்கொண்டேன். வண்டியில் ஏற்றும்போது பயூமிக்கு வாந்தி, தலைசுற்றல். அந்த நிலையிலும் தலையைத் தூக்கி, "பெட்டியை அணைச்சீங்களா? துணி கருகிடப் போகுது" என்றார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தினார்கள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிவைத்து இதயத்தைப் பார்த்தபடியே, குறைந்துபோன உப்பைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் மறுபடி மாத்திரை, அதுவும் எவ்வளவு என்று நாங்கள்தான் சொல்வோம் என்றார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, முதலில் உப்பு ஏறட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

பெருநாள் காலையில் பலகாரத்தோடு பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து, கீழே திடலில் நடக்கும் தொழுகையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அலறினார்.

"நபவியா! ஓடு! டாக்டரைக் கூப்பிடு! மஞ்சள் போய் இப்ப எல்லாம் நீலமா தெரியுது!"

நபவியா எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "கண்ணு சரியாப் போச்சுய்யா. அது நீ போட்ட நீலம்!"

திடலில் எங்கள் தெரு ஆண்கள் வரிசையாக நின்றார்கள், அத்தனை பேரும் நீலத்தில். அலசிப் பார்த்தும் முழுக்கப் போகவில்லை. பழைய துணி எடுத்துக் கட்டியிருக்கலாம்தான். ஷேக் விடவில்லை. "பயூமி பிழைச்சு வரணும்னு கேட்கப் போறோம். அவன் வெளுத்ததையே போட்டுக்கிட்டுக் கேட்போம்" என்று சொல்லிவிட்டு, அந்த நீல அங்கியோடு அவரே முதலில் இறங்கினார். இதை நான் சொல்லச் சொல்ல பயூமியின் மீசை துடித்தது.

"கருகல் ஏதாவது?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ அன்னிக்குக் குடுத்தது நிஜமாவே வெள்ளை நூல்தானா?"

"வெள்ளையேதான்!"

"அப்பவும் மட்டமான நூல்தான்."

நான் வாயைத் திறந்தேன். அவர் மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"பேசாதே சுஹைர், எண்ணிக்கிட்டிருக்கேன்."