ஒன்பதாவது ரீல்

புனே பக்கத்தில் கசார்வாடியில் நான் வேலை பார்த்த பட்டறையில் எட்டு பவர் பிரஸ்கள் இருந்தன. தகட்டை உள்ளே வைத்து மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். கை உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. வேகம் குறைகிறது என்று முதலாளி எட்டுத் தடுப்புகளையும் கழற்றி மூலையில் போட்டிருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்களில் யாரும் பர்மனன்ட் இல்லை, அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவனுக்கு இரண்டு விரல் போன பிறகும் திறக்கவில்லை. திறந்தவன் என் நண்பன் மட்டும்தான்.

அவன் பிம்ப்ரியில் பிறந்து வளர்ந்த தமிழன். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மராட்டி. தமிழ் எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. மதுரையிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரமே நான் காய்ச்சலில் படுத்தபோது, தினமும் வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தவன். தடுப்புகளைத் திரும்ப மாட்டச் சொல்லி தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு மனு தயார் செய்து, ஒவ்வொருவரிடமாக ரகசியமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். என்னிடம் மட்டும் வாங்கவில்லை. "உன்னோடது கடைசில வாங்கிக்கறேன்டா. மாட்டினா நான் மட்டும் மாட்டறேன்" என்றான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் முதலாளி என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். ஒரே ஒருவனைப் பர்மனன்ட் ஆக்கப் போவதாகச் சொன்னார். பிறகு, கையெழுத்து வாங்குவது யார் என்று கேட்டார். மிரட்டவில்லை, கத்தவில்லை, டீ வரவழைத்தார். நான் டீயைக் குடித்துவிட்டு அவன் பெயரைச் சொன்னேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு எத்தனையோ காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் சுத்தப் பொய். பயம், அவ்வளவுதான். திங்கட்கிழமை அவனை அனுப்பிவிடுவதாக முதலாளி சொன்னார்.

நடுவில் ஒரு ஞாயிறு இருந்தது.

புனேயில் அப்போது எங்களுக்குத் தமிழ்ப் படம் என்றால் ஞாயிறு காலைக் காட்சி ஒன்றுதான். ஔந்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், பிம்ப்ரியிலிருந்து நாங்கள் கூட்டமாகப் போவோம். படப்பெட்டி பம்பாயிலிருந்து வரும். ஊர் ஊராக அலைந்து வந்த டப்பாக்களில் ஒட்டிய சீட்டெல்லாம் கிழிந்திருக்கும். எவரோ ஒருவர் சாக்பீஸால் ஏழாவது, எட்டாவது என்று தமிழில் எழுதி வைத்திருப்பதுதான் மிச்சம். ஆபரேட்டரோ மராட்டிக்காரர். அதனால் தமிழ் தெரிந்த யாராவது மேலே போய் ரீல்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். அந்த வேலையை நாங்கள் இருவரும் பிடித்து வைத்திருந்தோம். அவன் டப்பாவைத் தூக்கிக் கொடுப்பான், நான் படித்து அடுக்குவேன். அன்றும் போனோம். அவன் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தான். நான் எழுத்தைப் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை.

லாரி ஷெட் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் இரண்டு ரவுடி நண்பர்களின் கதை. ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒருவனுக்கு விழும் வெட்டை இன்னொருவன் தோளில் வாங்குவான். விசில் பறந்தது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், திடீரென்று உப்பளம் வந்தது. கண் கூசும் வெள்ளை. ஒரு நண்பன் இன்னொருவனை அங்கே கூட்டிக்கொண்டு வருகிறான், எதிரிகள் ஏற்கனவே காத்திருக்கிறார்கள். கூட்டி வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மற்றவனை வெட்டிச் சாய்க்கிறார்கள். உப்பு மெல்ல மெல்லச் சிவந்தது. ரீல் முடிந்தது.

அடுத்த காட்சியில் செத்தவன் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தான்.

தியேட்டரே கொல்லென்று சிரித்தது. ஒன்பதாவது ரீலை எட்டாவதற்கு முன்னால் அடுக்கியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் நண்பன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அரே, செத்துப் போனவன் ஷேவிங் பண்றான் பாரு! எல்லாம் உன் வேலை!" என்று என் தோளில் சாய்ந்தான்.

ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. கண்ணாடியில் செத்தவன் முகம் பெரிதாகத் தெரிந்தது, நுரையோடு சிரித்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் நண்பன் நின்று, நாளைக்கு உப்பளம் வரை போய் வரலாம் என்று கூப்பிட்டான். உடனே சரி என்றான் அவன். இத்தனை பேருக்குத் தெரிந்தது அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியவில்லை. விசில்கள் ஒவ்வொன்றாக நின்றன. முன் வரிசையில் ஒரு அம்மா குழந்தையின் கண்ணை மூடினார், சவரக் காட்சிக்கு.

"பாவம்டா, அவனுக்கே தெரியாது" என்று என் நண்பன் மெதுவாகச் சொன்னான். திரை வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் திங்கட்கிழமை முடிந்துபோயிருந்தது. அது நடந்து முடிந்ததை நான் பார்த்துவிட்டேன், அவன் இன்னும் பார்க்கவில்லை. செத்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவன் காலையில் பட்டறைக்கு வராமல் நேரே போய் மனுவைக் கொடுத்துவிடலாம். வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "என்கிட்ட எவனாவது அப்படிப் பண்ணினா, மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்" என்றான், என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு. நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன்.

திங்கட்கிழமை காலை வாசலிலேயே அவனை நிறுத்தி அனுப்பினார்கள். மனுவை வாங்கிக் கிழித்தார்கள். சாயங்காலம் என் அறைக்கு வந்தான், கண் சிவந்திருந்தது. "யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஷீட் வெட்டறானே திண்டுக்கல்காரன், அவன்தான். சனிக்கிழமை கேபின் வாசல்ல நின்னிருக்கான். நீ கூட வா, போதும்."

நான் உள்ளே இருந்தபோது அந்த ஆள் வெளியே நின்றிருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கும். ஒரே பட்டறையில் இருந்தும் அவரோடு நான் பத்து வார்த்தை பேசியதில்லை. இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பட்டறைக்குப் பின்னால் அவரை மடக்கினோம். "பிடிடா" என்றான் நண்பன். நான் பின்னாலிருந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். என் நெஞ்சில் அவர் முதுகு. அவர் இதயம் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. நண்பன் அடித்த அடியில் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரமே நண்பன் நாசிக்கில் வேலை தேடிப் போனான். நான் பர்மனன்ட் ஆனேன். தடுப்புகள் மூலையிலேயே கிடந்தன.

ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் ஒருநாள் குழாயடியில் அவரிடம் கேட்டே விட்டேன். "எல்லாம் கேட்டீங்கல்ல? ஏன் அவன்கிட்ட சொல்லல?"

அவர் கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "சொல்லணும்னுதான் ஞாயித்துக்கிழமை தியேட்டருக்கு வந்தேன். ஒங்களுக்கு நேர் பின்னாடி சீட்டு. நான் படமே பாக்கல. ஒங்க ரெண்டு பேரையுந்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவன் சிரிச்சுச் சிரிச்சு ஒங்க தோள்ல சாயுறான். நான் சொன்னா அவன் நம்புவானா?"

கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

நாசிக் போன நண்பன் இப்போதும் தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்கிறான். பிள்ளைகள், உடம்பு, வேலை எல்லாம் பேசி முடித்த பிறகு, அன்றைக்கு அந்தத் துரோகியை விடாமல் அடித்தோமே, நீ மட்டும் இல்லையென்றால் முடிந்திருக்குமா என்பான். ஆமாம்டா என்று சொல்கிறேன்.