கொண்டை போட்ட ராஜா காசு

செத்தவர்களுக்கு ஊர் கொடுக்கும் காசில் பாதி கடையில் செல்லாது. வாய்க்கரிசி போடும்போது அரிசியோடு ஒரு நாணயமும் போட வேண்டும். அதற்கென்றே பல வீடுகளில் ஒரு டப்பா இருக்கும். தாமரை போட்ட இருபது பைசா, ஓட்டைக் காலணா, வளைந்துபோன பத்துப் பைசா எல்லாம் அதில் கிடக்கும். டீக்கடையில் வாங்க மாட்டார்கள், பஸ்ஸில் வாங்க மாட்டார்கள். செத்தவர் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் அவருக்குப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் காசெல்லாம் கடைசியில் அரசப்பனிடம் வந்து சேரும். குத்தாலத்துக்குக் கிழக்கே காவிரிக்கரைச் சுடுகாட்டில் அவருக்கு வேலை. பஞ்சாயத்துத் தாளில் மயானப் பணியாளர், ஊர் வாயில் வெட்டியான். வறட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே களிமண் பூசி, இந்த முப்பது வருடத்தில் ஊரில் பாதியை அனுப்பி வைத்திருக்கிறார். நெற்றியில் ஒட்டிய காசும் வாய்க்கரிசியில் விழுந்த காசும் எரிக்கிறவனுக்கு. திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மங்களாம்பிகை டீச்சர் ஒருமுறை கேட்டார். அவசரத்தில் அப்பாவின் ராசிக் காசை வாய்க்கரிசியோடு போட்டுவிட்டாராம். அழுத கண்ணோடு நின்ற டீச்சரிடம் அரசப்பன் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"போட்டது போட்டதுதாங்கம்மா."

அந்தக் காசைப் பிறகு அறுநூறு ரூபாய்க்கு விற்றார்.

விற்கக் கற்றுக்கொடுத்தது மகள் இசைவாணி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். பழைய போனைக் கொடுத்து, பழைய சாமான் விற்கிற ஒரு ஆப்பையும் அதில் ஏற்றிக் கொடுத்தாள். கடைக்குப் பெயர் 'காவேரி காயின்ஸ்'. முதல் காசை அரசப்பன் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று படம் எடுத்துப் போட்டார். கழுவி மதிப்பைக் கெடுத்துவிட்டீர்களே என்று நாலு பேர் ஒப்பாரி வைத்தார்கள். அதற்கப்புறம் தேய்ப்பதில்லை. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதில் காசை வைத்து, தபாலில் அனுப்பிவிடுவார்.

பணம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. வந்தது வேறு. ஊரில் பேரப்பிள்ளை வயதுக்காரன்கூட "ஏய் அரசப்பா" என்பான். போனில் எல்லாரும் "சார்" என்றார்கள். திருவாரூரில் அன்பரசன் என்று ஒருவர், கல்லூரி ஆபீசில் வேலை, காசு சேர்க்கிற பைத்தியம். இரண்டு வருடத்தில் நாற்பது காசு வாங்கியிருந்தார்.

"சார், எங்கேருந்துதான் சார் புடிக்கிறீங்க? எல்லாம் குடும்பத்துக் காசா இருக்கு."

"பெரிய பெரிய வீட்டுலேருந்து வருதுங்க."

பொய் இல்லை. பெரிய பெரிய வீட்டிலிருந்துதான் வந்தது. வழியில் எங்கே இறங்கி வந்தது என்பதைத்தான் அரசப்பன் சொல்லவில்லை.

அவர் விற்காத காசு ஒன்றே ஒன்று. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய், 1922. கல்யாணமான வருடம் ஒரு பெரிய பண்ணையாரின் நெற்றியிலிருந்து கிடைத்தது. வேறு எதுவும் வாங்க வழியில்லாமல் அதைத்தான் நீலாம்பாளிடம் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் கேட்டார்.

"பொணத்துக் காசு. ஒனக்குப் பயமா இல்லியா?"

"பொணத்த எரிக்கிறவரையே கட்டிக்கிட்டேன். காசு என்ன பண்ணிடப் போவுது?"

ஆசாரியிடம் கொடுத்து மேலே ஒரு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நடவு நடும்போது குனிந்தால் அது முன்னால் வந்து ஆடும். இருபது வருடத்தில் வளையம் தேய்ந்து விழுந்தது. பற்றவைத்த பொட்டு மட்டும் ராஜா கிரீடத்துக்கு மேல் உருண்டையாக நின்றுவிட்டது. "ராஜாவுக்குக் கொண்டை போட்டாச்சு" என்று சிரித்துவிட்டு அதை அரிசி டின்னில் போட்டு வைத்தாள். அரிசி அளக்கும்போதெல்லாம் ராஜா ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு உள்ளே போவார்.

போன தை மாதம் நீலாம்பாள் செத்துப்போனாள். சிறுநீரகம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஏழு மாதம் அலைந்தது, ஒரு காலையில் நின்றது. வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காகவும் அதை நிறுத்த முடியாது, மணிக்கு வாடகை.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார்கள். நெற்றியில் ஒட்ட ஒரு ரூபாய்க் காசு வேண்டும். கூடியிருந்தவர்கள் ஐம்பது பேர். ஐம்பது பேர் பையிலும் போன் இருந்தது, ஒருவர் பையிலும் காசு இல்லை. எல்லாரும் டீக்கே போனில் அனுப்புகிறவர்கள். யாரோ ஒரு அம்மாள் சமையலறைக்குள் போய்த் துழாவி, "இந்தா, இருக்கு" என்று எடுத்து வந்து ஒட்டிவிட்டார். அரசப்பன் வாசலில் பாடை மூங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பார்க்கவில்லை.

சுடுகாட்டில்தான் பார்த்தார். தன் வீட்டுச் சாவுக்குத் தானே வேலை செய்ய முடியாது என்பதால் பக்கத்து ஊர்ச் செழியன் வந்திருந்தான். மாமா முறை வைத்துக் கூப்பிடுகிற பையன், முப்பது வயது, சுத்தமான வேலைக்காரன். முகத்தை மூடுமுன் நெற்றியிலிருந்து காசை எடுத்து இடுப்பில் செருகினான். அந்த ஒரு நொடி வெயிலில் கொண்டை மின்னியது. அரசப்பன் வாயைத் திறந்தார். போட்டது போட்டதுதான் என்று முப்பது வருடமாகச் சொன்ன வார்த்தை குறுக்கே வந்து நின்றது. கொள்ளிச் சட்டியைக் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் கேட்டிருக்கலாம். பத்துத் தடவை செழியனோடு டீ குடித்தார். பத்துத் தடவையும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஆடிப் பெருக்கு கழிந்த வாரம் போனில் அந்த ராஜா வந்து நின்றார். அன்பரசன் விற்பனைக்குப் போட்டிருந்தார். 1911-லிருந்து 1922 வரை வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வெள்ளி ரூபாய், முழு செட், அறுபத்தைந்தாயிரம். கடைசிக் காசுக்குக் கொண்டை இருந்தது. படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். பிறகு போன் போட்டார்.

"அந்த இருபத்திரண்டு மட்டும் குடுப்பீங்களாங்க?"

"அதுல பத்தவச்ச மார்க் இருக்கு சார். தனியா அதுக்கு மதிப்பில்ல. ஆனா அந்த வருஷம் லேசுல கெடைக்காது. செட்ட ஒடச்சா செட்டே போச்சு. சூரத்துக்காரர் அட்வான்ஸ் போட்டுட்டார், திங்கக்கிழம கொரியர்."

அன்றைக்குச் சனிக்கிழமை. சூரத்து எங்கே இருக்கிறது என்று அரசப்பனுக்குத் தெரியாது. போனால் திரும்பாத தூரம் என்று மட்டும் தெரிந்தது.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, மயிலாடுதுறை போய் அங்கிருந்து திருவாரூர் பஸ் ஏறினார். கையிலிருந்த ஒன்பதாயிரத்தையும் எடுத்துக்கொண்டார்.

அன்பரசன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "காவேரி காயின்ஸ் சார் நம்ம வீட்டுக்கு! உக்காருங்க சார். மீனா, சாருக்குக் காப்பி." நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் காப்பி, அவர்கள் குடிக்கிற அதே டம்ளர். அரசப்பன் விளிம்பில் வாய் படாமல் தூக்கிக் குடித்தார், பழக்கம்.

ஆல்பத்தை விரித்தார் அன்பரசன். முதல் நாலு பக்கமும் அரசப்பன் விற்றவை. ஒவ்வொன்றும் எந்த வாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். நெடுந்தெரு செட்டியார், விஷம் குடித்த பெண், லாரி அடித்த பையன். டீச்சர் அப்பாவின் ராசிக் காசுக்குத் தனி உறை. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அன்பரசன் ஒரு காலணாவை உதட்டில் கவ்விக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். அது செட்டியாருடையது. அரசப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

"அந்த இருபத்திரண்டு எங்க வீட்டுக் காசுங்க" என்றார். "கை தவறிப் போயிடுச்சு. ஒன்பதாயிரம் கொண்டாந்துருக்கேன்."

"கை தவறின்னா? திருட்டுப் போச்சா?" உதட்டிலிருந்த காசை எடுத்துவிட்டுக் கேட்டார் அன்பரசன். "நான் செழியன்ங்கிறவர்ட்ட ஆயிரத்தி எண்ணூறு குடுத்து வாங்கினேன், ஸ்கிரீன்ஷாட் இருக்கு. திருட்டுன்னா சொல்லுங்க சார், இப்பவே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிடுவோம். ஆள விடக் கூடாது."

அரசப்பன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காசு அவருக்கு, லாக்கப் செழியனுக்கு. சார் சாராகவே இருக்கலாம். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"அவன் திருடலீங்க. அது அவனுக்கு நியாயமா வந்தது." டம்ளரைத் தரையில் வைத்தார். "எம் பொண்டாட்டி நெத்தியில ஒட்டுன காசுங்க. அவன்தான் அவள எரிச்சான். எரிக்கிறவனுக்குத்தான் அந்தக் காசு. நானும் அந்த வேலதான் பாக்குறேன்."

அன்பரசன் ஆல்பத்தைப் பார்த்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். கை மெதுவாக உதட்டுக்குப் போனது, பாதியில் நின்றது. உள்ளே மீனா கையிலிருந்த பாத்திரம் விழுந்தது.

"அப்ப இதெல்லாம்?"

"எல்லாமுங்க."

அன்பரசன் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். வாய் கொப்பளிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து, கொண்டைக் காசைப் பேனா முனையால் உறையிலிருந்து நெம்பி, செய்தித்தாளில் விழவைத்து, தாளோடு தள்ளினார்.

"எடுத்துட்டுக் கெளம்பலாம். பணம் வேண்டாம்."

பேச்சிலிருந்து 'சார்' போயிருந்தது, 'நீங்க'வும் போயிருந்தது. 'ஏய்' வரைக்கும் இறங்கவில்லை, அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். ஒன்பதாயிரத்தை நாற்காலியில் வைத்துவிட்டு அரசப்பன் வெளியே வந்தார். தெரு திரும்பும்போது பின்னால் டம்ளர் குப்பையில் விழுகிற சத்தம் கேட்டது. எவர்சில்வருக்கென்று ஒரு சத்தம் உண்டு.

பஸ் மயிலாடுதுறை போவதற்குள் காசுக்காரர்கள் குழு எல்லாவற்றிலும் செய்தி போய்விட்டது. காவேரி காயின்ஸ், சுடுகாட்டுக் காசு, யாரும் வாங்காதீர்கள். வாங்கியவர்கள் திட்டினார்கள். ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது என்று எழுதினார். அரசப்பன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். பெயர் இல்லாத நம்பர்கள். உண்மையிலேயே நெற்றிக் காசா என்று கேட்டார்கள். தாயத்துக்கு, தொழிலுக்கு, வசியத்துக்கு. ஒரு காசுக்கு ஐயாயிரம் தருவதாகச் சொன்னார்கள். ஒருவன் இன்னும் தெளிவாக இருந்தான். புருஷன் இருக்கும்போதே செத்த சுமங்கலியின் காசுதான் வேண்டும், இருபத்தைந்தாயிரம்.

அரசப்பன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். 'இல்லைங்க' என்று எழுதினார்.

உடனே பதில் வந்தது. 'எப்ப கிடைக்கும்?'

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு ஆப்பை எப்படி அழிப்பது என்று இசைவாணியிடம் கேட்டு அழித்தார்.

ஆவணியில் ஒரு சாவு. ராஜசேகர் என்று இருபத்தாறு வயதுப் பையன், பைக். வழக்கம்போல ஒருவரிடமும் காசு இல்லை. பையனின் அக்கா கழுத்துச் செயினிலிருந்த பழைய காசைக் கழற்றப் போனாள். அரசப்பன் வாசலில் நின்றபடியே மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து உள்ளே கொடுத்தனுப்பினார். பெட்ரோல் பங்க்கில் மாற்றி வைத்திருந்த காசு. சுடுகாட்டில் அதையே நெற்றியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார், அடுத்தவருக்கு. அரிசியோடு விழுந்த ஒரு வெள்ளி நாலணாவைத் துடைத்து அப்பாக்காரர் கையில் வைத்தார்.

"அவசரத்துல போட்டிருப்பீங்க. வச்சுக்குங்க."

கூடவேலைக்கு வந்திருந்த செழியன் களிமண் கையோடு நின்றான். "என்ன மாமா, சட்டத்த மாத்திட்டீங்க?"

அரசப்பன் குனிந்து களிமண்ணைக் குழைத்தார். எல்லாரும் போன பிறகு ஆற்றில் கை கழுவும்போது சட்டைப்பையிலிருந்து கொண்டைக் காசை எடுத்துக் காட்டினார். செழியன் முகம் வெளிறிவிட்டது. எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று அவனும் கேட்கவில்லை.

"மாமா, அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"விடு. நான் போனா நீதான் வரணும். இத நெத்தியில ஒட்டு. அப்பறம் ஒனக்குத்தான், அது நியாயம். ஆனா விக்காத."

"விக்காம என்ன பண்றது மாமா?"

அரசப்பன் காசைத் தண்ணீரில் நனைத்து, புளியெல்லாம் போடாமல், கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"ஒம் பொண்டாட்டிட்ட குடு. அவ பயப்படலன்னா."